பெட்டி புதிது, அச்சு பழையது: மாதிரி விமானக் கிட்கள் தரும் கொள்வனவுப் பாடம்



அரிசி, சீனி, புடைவை, இரும்பு என்று எழுதி வந்த இந்தப் பக்கத்தில் இந்த வாரம் பிளாஸ்டிக் விமானங்களைப் பற்றி எழுதப் போகிறேன். "ஹாஜியாருக்கு வயசு போகப் போக விளையாட்டுப் புத்தி வந்திட்டு" என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரித்துவிட்டு வாசியுங்கள். ஒரே பொருளைப் பல கம்பனிகள் செய்து, பல விலையில், பல பெட்டியில் சந்தைக்கு அனுப்பும்போது வியாபாரி எதை வைத்துத் தரம் பிரிப்பது? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெளிவான பதில் கிடைத்தது இந்தச் சாமானில்தான். அதற்காக நான் காசும் கட்டினேன், கொஞ்சம் மானமும் கட்டினேன்.

முதலில் சாமான் என்னவென்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மாதிரி விமானக் கிட் என்பது பொருத்தி முடித்த விளையாட்டு விமானம் அல்ல. இறக்கை, உடல், சக்கரம், விமானியின் இருக்கை என்று ஒவ்வொரு பாகமும் பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டியபடி பெட்டிக்குள் வரும். வாங்குபவர் அவற்றை வெட்டி எடுத்து, பசை போட்டுப் பொருத்தி, நிறம் பூசி, தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளப் படங்களை ஒட்ட வேண்டும். உண்மையான விமானத்தின் அளவைக் கணக்காகச் சுருக்கிச் செய்திருப்பார்கள்.

என் கடையில் நடந்தது

பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர், பாடசாலை உபகரணங்களும் விளையாட்டுப் பொருட்களும் விற்கும் என் கடையில் இந்தக் கிட்களுக்கும் ஒரு இறாக்கை ஒதுக்கினேன். வெளிநாட்டு மொத்த வியாபாரி ஒருவர் 60 பெட்டிகளை மலிவு விலைக்குத் தருவதாகச் சொன்னார். பெட்டி பளபளப்பு, படம் அழகு, பெயரும் கேள்விப்பட்ட பெயர். ஒரு பெட்டியைக்கூடத் திறந்து பார்க்காமல் பணம் அனுப்பினேன்.

ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் பேரனோடு வந்தார். பையன் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்திருந்தான். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது, ரேஸ்கோர்ஸ் மைதானத்திலிருந்தும் இரத்மலானையிலிருந்தும் எழும்பி எதிர்த்துப் போன பிரித்தானிய ஹரிகேன் விமானங்களின் கதையை மாஸ்டர் அவனுக்குச் சொல்லியிருக்கிறார். அதே ஹரிகேன்தான் அவனுக்கு வேண்டும். நான் எடுத்துக் கொடுத்து, "புது சாமான் சேர், இப்பதான் வந்தது" என்றேன்.

இரண்டு கிழமை கழித்து மாஸ்டர் ஒரு சப்பாத்துப் பெட்டியோடு வந்தார். உள்ளே பாதி ஒட்டிய விமானம். உடலின் இரு பாதிகளும் ஒன்றோடொன்று சேரவில்லை. இறக்கைக்கும் உடலுக்கும் இடையில் ஒரு சதக் காசு நுழையும் அளவுக்கு இடைவெளி. அடையாளப் படங்கள் மஞ்சளாகி, தண்ணீரில் போட்டதும் துண்டு துண்டாகப் பிரிந்துவிட்டன.

"ஹாஜியார், நீங்கதானே புதுசு எண்டு சொன்னீங்க? இறக்கைக்கு உள்பக்கத்த ஒருக்கா பாருங்க" என்றார்.

பார்த்தேன். பிளாஸ்டிக்கிலேயே வருடம் பதிந்திருந்தது. என் மூத்த மகன் பிறப்பதற்கு முந்திய வருடம். பெட்டி அச்சடித்தது அண்மையில், உள்ளே இருந்த சாமானின் அச்சு செய்தது முப்பது வருடங்களுக்கு முன்னர்.

"பொடியன் தன்ட கைதான் பிழை எண்டு நினைக்கிறான். அதுதான் எனக்குக் கவலை" என்றார் மாஸ்டர். பையன் கடைக்குள் வரவில்லை. வெளியே படியில் நின்றான்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. தெரியாத ஒன்றைத் தெரிந்தது போலச் சொன்னேன். வாங்கியவனுக்கு இரண்டும் ஒன்றுதான். அன்றிரவு முதல் இந்தச் சாமானைப் படிக்கத் தொடங்கினேன்.

எல்லாம் அச்சில் இருக்கிறது

இந்தத் தொழிலில் உண்மையான முதல் எது தெரியுமா? கட்டிடமும் அல்ல, பிளாஸ்டிக்கும் அல்ல, உருக்கில் வெட்டிய அச்சு. இரண்டு பாதி அச்சுக்களை இறுக மூடி, உருகிய பொலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு உள்ளே செலுத்தினால் பாகங்கள் வரும். அச்சு வெட்டுவதற்குத்தான் பெரிய செலவு. வெட்டிய பின்னர் பிளாஸ்டிக்கும் பெட்டியும்தான் செலவு. ஆகவே நல்ல அச்சை எவரும் எறிய மாட்டார்கள். ஐம்பது வருடமானாலும் மீண்டும் மீண்டும் ஓட்டுவார்கள். கம்பனி மூடினால் அச்சை விற்பார்கள், வாங்கியவர் புதுப் பெட்டியில் போடுவார்.

பிரித்தானியாவின் புரொக் என்ற பழைய கம்பனியை எடுத்துக்கொள்ளுங்கள். 1936இலேயே பிளாஸ்டிக் மாதிரி விமானம் செய்து விற்றவர்கள் அவர்கள். 1970களில் அவர்களுடைய அச்சுக்களில் பெரும்பாலானவை சோவியத் ஒன்றியத்துக்குப் போயின. அங்கிருந்து நோவோ என்ற பெயரில் அதே விமானங்கள் சந்தைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போரில் எதிரிப் பக்கத்தில் இருந்த ஜேர்மன், ஜப்பானிய விமானங்களின் அச்சுக்களைச் சோவியத் பக்கம் எடுக்கவில்லை. அவை ரெவெல் கம்பனிக்குப் போயின. ஒரே தொழிற்சாலையில் பிறந்த அச்சுக்கள், இரண்டு நாட்டுப் பெயர்களில்!

பழைய அச்சை எப்படி அறிவது? அச்சு தேயத் தேய பாகங்களின் ஓரத்தில் மெல்லிய பிசிறு வரும். இரு பாதிகளும் சிறிது விலகிப் பொருந்தும். இன்னோர் அடையாளம், விமானத்தின் உடலில் தகடுகள் சேரும் கோடுகள். பழைய அச்சுக்களில் அவை பெரும்பாலும் மேடாக இருக்கும். ஏனென்றால் உருக்கில் கோடு கீறினால் பிளாஸ்டிக்கில் அது மேடாகத்தான் வரும். அது இலகுவான வேலை. பிளாஸ்டிக்கில் கோடு குழிந்து வர வேண்டுமானால் உருக்கில் மேடு விட்டுச் சுற்றிலும் வெட்ட வேண்டும். அது நுட்பமான வேலை. இன்றைய நல்ல கிட்களில் கோடுகள் குழிந்தே இருக்கும். மேடான கோட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒட்டிய இடத்தை மட்டத்தாள் போட்டுத் தேய்த்தால் கோடும் சேர்ந்து அழிந்துவிடும்.

ஒப்பிடுவதற்கு முன் அளவைச் சமப்படுத்துங்கள்

ஒரே பொருளை எல்லோரும் செய்தால்தான் ஒப்பிட முடியும். சம்பாவையும் கீரியையும் வைத்து இரண்டு ஆலைகளின் தரத்தைத் தீர்மானிக்க முடியுமா? இந்தத் துறையில் அநேகமாக எல்லோரும் செய்யும் விமானம் பிரித்தானியாவின் ஸ்பிட்பயர். ஆகவே அதையே அளவுகோலாக வைத்தேன்.

உண்மையான ஸ்பிட்பயரின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீற்றர். 72இல் ஒன்று என்ற அளவில் அது 15.6 சென்ரிமீற்றர். 48இல் ஒன்றில் 23.4 சென்ரிமீற்றர். 32இல் ஒன்றில் 35 சென்ரிமீற்றர். 72க்கும் 48க்கும் நீளத்தில் ஒன்றரை மடங்குதான் வித்தியாசம். ஆனால் கன அளவில் மூன்று மடங்குக்கு மேல். "அந்தக் கம்பனி விலை கூட, இந்தக் கம்பனி விலை குறைவு" என்று பேசுபவர்கள் பல நேரம் இரண்டு வெவ்வேறு அளவுகளைப் பக்கத்தில் வைத்துப் பேசுகிறார்கள். மீற்றர் விலையையும் யார் விலையையும் ஒப்பிடும் புடைவைக்காரனின் நிலைதான் அது.

ஐந்து கம்பனிகள், ஐந்து வாடிக்கையாளர்கள்

*எயார்பிக்ஸ் (பிரித்தானியா).* 1939இல் நிக்கலஸ் கோவ் என்ற ஹங்கேரியர் தொடங்கியது. முதலில் காற்றடைத்த இறப்பர் பொம்மைகள், பிறகு சீப்புகள் செய்தார்கள். 1950களின் முற்பகுதியில் ஒரு பழைய கப்பலின் மாதிரியைச் செய்து வூல்வேர்த் கடைகளுக்குக் கொண்டு போனபோது, கடைக்காரர்கள் கேட்டது இரண்டு சிலிங் விலை. பெட்டி போட்டால் அந்த விலை வராது. ஆகவே பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே ஒரு கடதாசி மடித்துக் குத்தினார்கள். விலைக்கு ஏற்றபடி பொதியை மாற்றியதில்தான் அவர்களுடைய பெரிய வியாபாரம் பிறந்தது. 1981இல் கம்பனி விழுந்தது, வேறு கைக்குப் போனது. 2006இல் அதன் அப்போதைய உரிமையாளரும் விழுந்தார். அதே ஆண்டு ஹோர்ன்பி கம்பனி வாங்கியது. இரண்டு தடவை விழுந்தும் பெயர் சாகவில்லை. வாங்கியவர்கள் விலை கொடுத்தது அந்தப் பெயருக்கும் அச்சுக்களுக்கும்தான்.

வியாபாரி கவனிக்க வேண்டியது இதுதான்: எயார்பிக்ஸ் பெயரில் ஐம்பது வருட அச்சும் வருகிறது, புதிய அச்சும் வருகிறது. 2010இல் வந்த 72இல் ஒன்று ஸ்பிட்பயர் பாகங்கள் குறைந்த, கோடுகள் குழிந்த நல்ல ஆரம்பக் கிட். நிறம், தூரிகை, பசை சேர்த்த ஆரம்பப் பொதியும் உண்டு. முதன்முதலில் செய்யும் பிள்ளைக்கு இதைத்தான் கொடுப்பேன்.

*ரெவெல் (ஜேர்மனி).* அமெரிக்காவில் தொடங்கி, 1956இல் ஜேர்மனியிலும் கிளை வைத்த பெயர். மிக விரிந்த பட்டியல், பெட்டியின் பருமனுக்கு நியாயமான விலை. எவ்வளவு கடினம் என்பதை இலக்கம் போட்டுப் பெட்டியிலேயே காட்டுகிறார்கள். கடைக்காரனுக்கு அது பெரிய உதவி. ஆனால் உள்ளே இருப்பது சொந்தப் புது அச்சாகவும் இருக்கலாம், பழைய அச்சாகவும் இருக்கலாம், வேறு கம்பனியிடமிருந்து எடுத்துப் பொதி செய்ததாகவும் இருக்கலாம். ஆகவே இங்கே கம்பனியைப் பார்த்து ஓடர் கொடுக்கக்கூடாது. ஒவ்வொரு இலக்கமாகப் பார்க்க வேண்டும்.

*ஹசெகாவா (ஜப்பான்).* 1941இல் தொடங்கியது. மேற்பரப்பின் மெல்லிய கோடுகளுக்குப் பெயர் போனவர்கள். ஒரே அச்சை வைத்துக்கொண்டு அடையாளப் படங்களை மட்டும் மாற்றி, குறைந்த எண்ணிக்கையில் புதிது புதிதாகப் பெட்டி போடுவது இவர்களுடைய வழக்கம். சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குவார்கள். நம்மைப் போன்ற சிறு கடைக்காரன் பத்துப் பெட்டி விதம் விதமாக வாங்கி, உள்ளே ஒரே சாமான் இருப்பதைக் கண்டு திகைப்பான்.

*டமியா (ஜப்பான்).* 1946இல் ஷிசுவோக்கா நகரில் மர ஆலையாகத் தொடங்கி, மர மாதிரிகள் செய்து, 1960இல் முதல் பிளாஸ்டிக் கிட்டாக யமாத்தோ போர்க்கப்பலை வெளியிட்டார்கள். போட்டிக் கம்பனி அதே கப்பலை 350 யென்னுக்குக் கொடுத்தது. டமியாவும் விலையை அங்கே இறக்கியது. இலாபம் வரவில்லை. விலைப் போட்டியில் வெல்ல முடியாது என்று கண்டவர்கள், அடுத்துச் செய்த ஜேர்மன் தாங்கியில் வேறு வழி போனார்கள். பெயர் பெற்ற ஓவியரைக் கொண்டு பெட்டிப் படம் வரைவித்தார்கள். பிள்ளைகளுக்கும் விளங்கும் செய்முறைத் தாள் வைத்தார்கள். மோட்டார் போட்டால் தடையில்லாமல் ஓடும்படி செய்தார்கள். அதுதான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது.

இன்றும் டமியாவின் பெயர் பொருத்தத்துக்குத்தான். பாகங்கள் சொன்ன இடத்தில் வந்து உட்காரும். 48இல் ஒன்று அளவில் 1990களில் செய்த ஸ்பிட்பயர் அச்சு கையில் இருந்தும், 2018இல் அதே விமானத்துக்குப் புதிய அச்சு வெட்டி வெளியிட்டார்கள். விலை கூட. ஆனால் திரும்பி வரும் பெட்டி மிகக் குறைவு. திரும்பி வரும் சாமானின் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எது மலிவு என்பது மாறிவிடும்.

*எடுவார்ட் (செக் குடியரசு).* 1989இல் தொடங்கிய சிறிய கம்பனி, இன்று பெரியவர்களோடு நிற்கிறது. 48இல் ஒன்று அளவில் இவர்களுடைய ஸ்பிட்பயர் 2013இல் வரத் தொடங்கியது. ஆணி வரிசைகூடத் தெரியும் அளவுக்கு நுணுக்கம். பாகங்கள் சிறிது, எண்ணிக்கை அதிகம். புதியவர் கையில் கொடுத்தால் பாதியில் விட்டுவிடுவார். இவர்கள் ஒரே அச்சை இரண்டு பெட்டியில் விற்கிறார்கள். மெல்லிய உலோகத் தகட்டுப் பாகங்கள், நிறம் பூசும்போது மறைக்கும் ஒட்டுத்தாள், பல வகை அடையாளப் படங்கள் சேர்த்த விலை கூடிய பெட்டி ஒன்று. இவையெல்லாம் இல்லாத எளிய பெட்டி ஒன்று. எதில் என்ன இருக்கிறது என்பதைப் பெட்டியிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த ஐந்திலும் எது சிறந்தது என்று கேட்டால், "யாருக்கு?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். பத்து வயதுப் பிள்ளைக்கு எடுவார்ட் கொடுப்பதும் பிழை. இருபது வருடம் செய்து பழகியவருக்கு ஆரம்பப் பொதி கொடுப்பதும் பிழை.

ஓடர் கொடுக்குமுன் செய்ய வேண்டியவை

என் இறாக்கைக்கு நான் வைத்துக்கொண்ட ஒழுங்கைச் சொல்கிறேன். வேறு சாமான் விற்பவர்களும் தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

1. விநியோகத்தரிடம் "இது எந்த ஆண்டு அச்சு? யாருடைய அச்சு?" என்று எழுத்தில் கேளுங்கள். பெட்டியில் உள்ள ஆண்டு பெட்டியின் ஆண்டாக இருக்கலாம். பதில் சொல்லத் தயங்குபவரிடம் பெரிய ஓடர் வேண்டாம்.

2. ஒவ்வொரு புதிய இலக்கத்திலும் ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள். பிசிறு, கோடுகள், உடலின் இரு பாதிகளின் பொருத்தம், கண்ணாடிப் பாகத்தின் தெளிவு, இறக்கையின் உட்பக்கத்தில் பதிந்த எழுத்து ஆகியவற்றைப் பாருங்கள். ஒரு பெட்டியின் நட்டம் அறுபது பெட்டியின் நட்டத்தைத் தடுக்கும்.

3. அடையாளப் படத் தாளைக் கட்டாயம் பாருங்கள். வெள்ளைப் பகுதி மஞ்சளாகியிருந்தால் சரக்கு நீண்ட நாள் கிடந்தது என்று அர்த்தம். நம் நாட்டு ஈரக் காற்றுக்கு அது இன்னும் கெதியாகப் பழுதாகும். சிறிது மஞ்சளானால் வெயில் படும் யன்னலில் சில நாட்கள் ஒட்டி வைத்து வெளுக்கச் செய்யலாம். பொடிந்து போகும் தாளுக்கு மருந்தில்லை.

4. பசை, நிறம், மட்டத்தாள் பக்கத்தில் இருக்கட்டும். பெரும்பாலான கிட்களில் பசை வராது. பொலிஸ்டைரீனுக்குரிய பசை பிளாஸ்டிக்கைச் சிறிது உருக்கிப் பிணைக்கும். இதைச் சொல்லாமல் விற்றால் வாங்கியவர் வீட்டில் இருக்கும் ஏதோ ஒரு பசையைப் போட்டுச் சாமானைப் பழுதாக்கிவிட்டு நம்மைத்தான் ஏசுவார்.

5. வாங்க வருபவரிடம் "இதற்கு முன் செய்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்விதான் எந்தப் பெட்டி என்பதைத் தீர்மானிக்கும்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டிப் போனபோது, இறக்குமதிச் சாமானில் ஒரு பிழையான ஓடர் ஒரு சிறு கடையை எப்படி ஆட்டும் என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். திறந்து பார்க்காமல் வாங்கும் காலம் அப்போதும் இருக்கவில்லை, இப்போதும் இல்லை.

மிஞ்சிய பெட்டிகள்

இனி, மிஞ்சிய 43 பெட்டிகளுக்கு என்ன நடந்தது? கடைப் பையன் சொன்னான், "ஹாஜியார், ஒண்டும் சொல்லாம வெளியூர்க் கடைக்கு அனுப்பிடுவோம்." அது இலகுவான வழி. ஆனால் அங்கேயும் ஒரு மாஸ்டர் இருப்பார், ஒரு பேரன் இருப்பான். குறை தெரிந்த பிறகு அதை மறைத்து விற்கும் காசு நமக்கு ஆகுமானதா என்பதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு துண்டு ஒட்டினேன்: "பழைய அச்சு. பொருத்தம் குறைவு. அடையாளப் படம் பாவிக்க முடியாது. கை பழகியவர்களுக்கு மட்டும்." விலையைப் பாதியாக்கினேன். விற்காது என்றுதான் நினைத்தேன். ஆனால் என் வயதுக்காரர்கள் சிலர் தேடி வந்தார்கள். "சின்ன வயசுல செஞ்ச அதே கிட்" என்று சொல்லி, இடைவெளியை நிரப்பும் பசையையும் சேர்த்தே வாங்கினார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது. போட்ட முதல் முழுவதும் வரவில்லை. ஆனால் ஒரு பெட்டியும் திரும்பி வரவில்லை.

பின்னர் எயார்பிக்ஸ் கம்பனியே தன்னுடைய பழைய அச்சுக்களைத் தனி வரிசையாகப் பிரித்து, பழைய காலத்துக் கிட் என்று பெயரிலேயே சொல்லி வெளியிட்டதைப் பார்த்தேன். பழையதைப் பழையது என்று சொன்னாலும் அதற்கென்று ஒரு சந்தை இருக்கிறது.

மாஸ்டரின் வீட்டுக்கு ஒரு ஆரம்பப் பொதியோடு போனேன். இலவசமாகக் கொடுக்கத்தான் போனேன். அவர் ஏற்கவில்லை. "வியாபாரத்துல காசு வாங்குங்க ஹாஜியார், ஆனா இந்த முறை திறந்து காட்டிட்டுத் தாங்க" என்றார். வரவேற்பறை மேசையில் வைத்துத் திறந்தேன். பையன் உடலின் இரு பாதிகளையும் எடுத்துச் சேர்த்துப் பார்த்தான். சேர்ந்தது. பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான்.

உங்கள் கடையில் நீங்கள் திறந்து பார்க்காமல் அடுக்கி வைத்திருக்கும் பெட்டி எது? இந்தக் கிழமை அதில் ஒன்றைத் திறந்து பாருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.